டிப்ளமோ முதலாண்டுக் கணக்கு: பாடத்தைக் குறைப்பதா, அடித்தளத்தைச் சரிசெய்வதா?

டூல்ரூம்_மணி:
போன வாரம் வேலை கேட்டு ஒரு தம்பி வந்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ, கடைசல் மெஷினான லேத்தில் நல்ல கை. ஆனால் முதலாண்டுக் கணக்கில் இன்னும் அரியர், சான்றிதழ் வரவில்லை. கலப்பெண்ணும் (காம்ப்ளெக்ஸ் நம்பர்), அதன் அடுக்குகளைக் கணக்கிடும் டி மாய்வர் தேற்றமும்தான் அவனைக் கவிழ்த்தவை. லேத்தில் நிற்பவனுக்கு அது எதற்கு? டேப்பர், அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த வடிவம், கடைய வேண்டும் என்றால், பெரிய விட்டத்தில் சின்ன விட்டத்தைக் கழித்து நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கோணத்தின் டேன் மதிப்பு வந்துவிடும். விட்டங்கள் 40, 30, நீளம் 50 மி.மீ. என்றால் 0.1. வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை ஏறக்குறைய 5 டிகிரி 43 நிமிடம் திருப்பினால் வேலை முடிந்தது. இதை மட்டும் உருப்படியாகச் சொல்லிக்கொடுங்கள், மற்றதை எடுத்துவிடுங்கள்.

கணக்கு_வாத்தியார்:
பாலிடெக்னிக்கில் கணக்கு எடுப்பவன் நான். உங்கள் கோபம் புரிகிறது, தீர்வில்தான் உடன்பாடில்லை. எலெக்ட்ரிக்கல் பையனுக்குக் கலப்பெண் இல்லாமல் ஏசி சர்க்யூட் ஓடாது. 3 ஓம் ரெசிஸ்டன்ஸும் 4 ஓம் ரியாக்டன்ஸும் (காயில் போன்றவை ஏசிக்குக் காட்டும் தடை) தொடராக இருந்தால் மொத்தத் தடை 7 வராது, செங்கோண முக்கோணத்தின் கர்ணம் போல 5தான் வரும்.

விடைத்தாளைத் திருத்தும்போது நான் பார்ப்பது வேறு. வகையிடல் சூத்திரம் சரியாக இருக்கும். அடுத்த வரியில் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருப்பான். பத்தாம் வகுப்பில் 35 எடுத்துத் தேறிவிட்டு நேராக எங்களிடம் வருகிறவன், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் பார்க்கும் பாடங்களை ஒரே வருடத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. பாடத்தைக் குறைத்தாலும் அந்தப் பின்னக் கணக்கு அப்படியேதான் இருக்கும். உங்கள் டேப்பர் சூத்திரத்திலேயே கோணத்தைக் கொடுத்துச் சின்ன விட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

டூல்ரூம்_மணி:
சரி, ஒன்று கேட்கிறேன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருடம் சேர்கிறார்கள். முதலாண்டுக் கணக்கைத் தொடாமலே டிப்ளமோ முடிக்கிறார்களே, எப்படி?

செகண்ட்_இயர்:
அண்ணா, சார், நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். வினாத்தாளில் தமிழும் அச்சாகிறது. வகுப்பில் எல்லாம் ஆங்கிலச் சொல். டிடர்மினன்ட் என்றால் அணிக்கோவை என்று எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. எனக்கு அடையாளக் குறியே தடுமாறும், மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் என்பதுகூட. அறுபது பேர் நடுவில் அதை எப்படிக் கேட்பது? விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் ராத்திரியில் உட்கார வைத்து மீச்சிறு பொது மடங்கு (எல்.சி.எம்.) முதற்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் தேறினேன். எனக்கு எது தெரியாது என்று முதல் வாரத்திலேயே யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கணக்கு_வாத்தியார்:
தம்பி சொன்னது உறைக்கிறது. எங்கள் கல்லூரியில் முதல் இரண்டு வாரம் அடிப்படைக் கணக்குக்கு ஒதுக்கிப் பார்த்தோம். அப்புறம் தேர்வுக்குள் பாடம் முடிய வேண்டுமே என்ற பதற்றத்தில் அது நான்கு நாளாகச் சுருங்கிவிட்டது. அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

மணி சார், ஐ.டி.ஐ. பையன்கள் கணக்கே படிக்காமல் வரவில்லை. ஒர்க்ஷாப் கால்குலேஷன் என்று தனிப்பாடமே அங்கே உண்டு, மெஷினோடு சேர்த்துப் படித்திருக்கிறார்கள். மெஷினை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்ற உங்கள் வாதத்துக்கு அது பலம். பாடத்தை எடுத்துவிடுங்கள் என்பதற்கு இல்லை.

டூல்ரூம்_மணி:
அப்படியானால் வினாத்தாளில் வரைபடம் வரட்டும். கோணத்தைத் துல்லியமாக அமைக்க உதவும் 200 மி.மீ. சைன் பாரை 30 டிகிரி சாய்க்க, ஒரு முனைக்கடியில் எத்தனை மி.மீ. உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) அடுக்க வேண்டும்? சைன் 30 அரை, ஆகவே 100. இப்படிக் கேட்டால் எவனும் மறக்க மாட்டான். மெக்கானிக்கலுக்குக் கலப்பெண் வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

செகண்ட்_இயர்:
அண்ணா, எங்கள் லேபில் இருப்பது 100 மி.மீ. சைன் பார். அதற்கு 50 தானே?

டூல்ரூம்_மணி:
50தான் தம்பி. கேஜை அடுக்கும் முன் நன்றாகத் துடைத்துக்கொள்.