வெப்பக்காப்பா, வெப்பத்தடையா?

அண்ணாச்சி,

நம் கலைச்சொல் பட்டியலில் 'இன்சுலேஷன்' என்பதற்கு நீங்கள் சொன்ன 'வெப்பக்காப்பு' அகராதியில் உள்ளதுதான். ஆனால் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தகரக் கூரை போட்டு அறை கூட்டியவர், பழைய சீலிங்கைப் பிரித்துப் புதிது போடும்போது அந்தச் சொல் அவருக்கு உதவாது. கடையில் காற்றுக் குமிழ்களோடு பளபளக்கும் வெள்ளி பபிள் ஷீட்டும் இன்சுலேஷன், கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ் வூலும் இன்சுலேஷன். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. நாமும் ஒரே 'காப்பு'க்குள் போட்டால் அந்தக் குழப்பம் அப்படியே தமிழுக்கு வந்துவிடும்.

கிளாஸ் வூல் சூட்டை நிறுத்துவதில்லை, இறங்குவதை மட்டுப்படுத்துகிறது. நம்மூர்க் கொத்தனாரும் "சூடு எறங்குது" என்றுதான் சொல்கிறார். மின்தடை போல இதற்கு 'வெப்பத்தடை' பொருந்தும். ஒரு பொருள் சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஆர் மதிப்பையும் (R-value) 'வெப்பத்தடை எண்' என்று விடலாம். கனத்தை மீட்டரில் எழுதி, அந்தப் பொருள் சூட்டை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதைச் சொல்லும் கடத்து எண்ணால் வகுத்தால் வருவது அது. 50 மி.மீ. கிளாஸ் வூலுக்கு 0.05-ஐ 0.04-ஆல் வகுக்க 1.25. 12.5 மி.மீ. ஜிப்சம் பலகைக்கு 0.1 கூட வராது. தகரத்துக்கு ஒன்றுமே இல்லை. பலகை மட்டும் போட்ட அறை சித்திரை வெயிலில் ஏன் வேகிறது என்பதற்கு இந்த எண்ணே பதில்.

கிளாஸ் வூலை 'வெப்பத்தடைப் பொதி' என்றும், வெள்ளித் தாளை 'வெப்பத்தெறிப்புத் தாள்' என்றும் வைக்கலாமா?

*

தம்பி,

வெப்பத்தடையை ஏற்கிறேன். மற்ற இரண்டும் சரிவராது.

பொதி என்றால் அமுக்கிக் கட்டியது. இந்தச் சரக்கு அமுக்கினால்தான் கெடும். 50 மி.மீ. பஞ்சை 25 மி.மீ. சந்தில் திணித்தால் தடை எண் பாதிக்கு அருகே இறங்கிவிடும், உள்ளே நிற்கும் காற்றுதானே வேலை செய்கிறது! ஐப்பசி மழையில் திருகாணித் துளை ஒழுகி நனைந்தாலும் அதே கதி. ஆகவே சீலிங்குக்கு முன் கூரையின் ரப்பர் வாஷரை மாற்றிவிட வேண்டும். 'வெப்பத்தடை மெத்தை' என்று எழுதுங்கள். மெத்தையை யாரும் நசுக்கி விரிப்பதில்லை. பாரமும் கிடையாது: 10-க்கு 12 அடி அறைக்கு, கன மீட்டருக்கு 24 கிலோ அடர்த்தியில், 13 கிலோ சொச்சம்தான்.

'தெறிப்பு' இன்னும் சிக்கல். பளபளப்பு முகம் மேலே பார்த்திருந்தால் ஆனி, ஆடிக் காற்றில் தகர மடிப்பு வழியாக வரும் புழுதி படிந்து மங்கிவிடும். அதனால்தான் அந்த முகத்தைக் கீழே பார்க்க வைத்து, பலகைக்கு மேல் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி விடச் சொல்கிறோம். அப்படிக் கிடக்கும் தாள் மேலிருந்து வரும் சூட்டைத் தெறிப்பதில்லை. தானே சூடேறினாலும் கீழே வெப்பக் கதிர் வீசுவது மிகக் குறைவு, அவ்வளவுதான். இரண்டு நிலைக்கும் பொருந்த 'கதிரடக்கி' எனலாம். பலகையோடு ஒட்டவைத்தால் அடக்கக் கதிரே இருக்காது, சூடு தொட்டுத் தொட்டு இறங்கிவிடும். இதையும் விளக்கத்தில் சேருங்கள்.

விடுபட்டது ஒன்று: காற்றின் ஈரம் மெத்தைக்குள் புகாமல் மறிக்கும் தாளான 'ஆவித்தடுப்பு'. குளிர்நாட்டுக் கையேடுகள் அதை அறைப்பக்கம் போடச் சொல்லும். பாளையங்கோட்டையில் ஏசி ஓடும் அறைக்கு அது மெத்தைக்கு மேலே வரவேண்டும். கீழே போட்டால் வெளி ஈரம் மெத்தைக்குள் இறங்கித் தாளின்மேல் நீராகக் கோக்கும். வரையறையில் 'உட்புறம்' என்று எழுதாமல் 'சூடான பக்கம்' என்றே எழுதுங்கள்.