பிரச்சினை வந்த பிறகே ஓடுகிறேன், முன்கூட்டியே பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: வேளச்சேரி வாசி

வணக்கம். பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் பொறுப்பு ஆடியில் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரே ஓட்டம். மோட்டார் நின்றால் எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டும், சாக்கடை பொங்கினால் லாரிக்குச் சொல்ல வேண்டும். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இந்த முறையாவது மழைக்கு முன்னால் தயாராக நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: முடிச்சூர் பழைய செயலாளர்

தம்பி, முன்கூட்டியே பார்த்துக்கொள்வதை ஒரு குணமாக நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். நான் இதை நாள் குறிக்கிற வேலையாகவே பார்த்தேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐப்பசியில் பிளம்பர் போனையே எடுக்கமாட்டார். அதே ஆள் ஆவணியில் நிதானமாக வந்து, குனிந்து பார்த்து, வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுப்பார்.

முதல் வேலை: 2023இல் தண்ணீர் நின்ற உயரத்தை விசாரித்து, தரைத்தளச் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர், மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி. உங்கள் வேலைப் பட்டியலே அதுதான், வேறு யோசிக்கத் தேவையில்லை. ஸ்டார்ட்டரை மேலே ஏற்றுவது அரை நாள் வேலை. சம்ப் வாய்க்குச் சுற்றிலும் செங்கல் கட்டி உயர்த்திவிடலாம். இல்லாவிட்டால் சாக்கடை கலந்து, தண்ணீர் வடிந்த பிறகும் குடிநீர் இருக்காது. மீட்டர் போர்டை மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும்.

அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வொரு வடிகுழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒருவரை நிறுத்தி, வந்து விழுகிறதா என்று கேளுங்கள். வராத குழாயில் காய்ந்த இலையோ சிமென்ட் கட்டியோ இருக்கும். மழைநீர் சேகரிப்புக் குழியையும் திறந்து பாருங்கள். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அன்று தோண்டிய குழிகளில் பல மண் மூடியே கிடக்கின்றன. ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டால் மறுபடி தண்ணீர் இறங்கும். தெருவில் வடிகால் அடைத்திருந்தால் இப்போதே மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கனமழை எச்சரிக்கை வந்த அன்று லிஃப்டை மேல் தளத்தில் நிறுத்தி மெயினை அணைத்துவிடச் சொல்லி, யார் செய்வது என்று பெயரோடு எழுதி ஒட்டுங்கள். பெயர் போடாத வேலையை யாரும் செய்யமாட்டார்கள்.

பதில்: தரைத்தளத்து அக்கா

சார் சொன்னது கட்டடத்துக்கு. வீட்டுக்குள் நான் செய்வதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு இன்சுலின். புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாத மருந்து வாங்கிவிடுவேன். கரண்ட் போனால் பிரிட்ஜில் இருக்கும் மருந்து கெட்டுப்போகுமே என்று பதறத் தேவையில்லை. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை அறை வெப்பத்தில் எத்தனை நாள் வைக்கலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருப்பார்கள், அம்மாவுடையதற்கு நான்கு வாரம். அந்தத் தாளை முன்னாலேயே படித்து வைப்பது பெரிய நிம்மதி.

கார் இருந்தால் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. 2024 அக்டோபரில் மழை கொட்டும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்களைப் பலரும் பேசினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வந்தது.

பதில்: வாடகை வீட்டுக்காரன்

எல்லாம் நம் கையிலா இருக்கிறது? 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது எந்தக் கோடு காப்பாற்றியிருக்கும்?

கேட்டவர்: வேளச்சேரி வாசி

நன்றி சார், அக்கா. எனக்கு இன்னொரு கஷ்டம், பணம். மேல் தளத்துக்காரர்கள், "எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லையே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்" என்கிறார்கள்.

பதில்: முடிச்சூர் பழைய செயலாளர்

2015 மாதிரி வந்தால் வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் ஒரே வழி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடாவருடம் நம்மை அலைக்கழிப்பது முழங்கால் அளவுத் தண்ணீர். அதற்குத் தயாராக நம்மால் முடியும்.

பண விஷயத்தில் மேல் தளத்துக்காரர்களிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மோட்டார் மூழ்கினால் நான்காவது மாடிக் குழாயிலும் தண்ணீர் வராது, லிஃப்டும் ஓடாது. 2023இல் எத்தனை நாள் குடத்தோடு படியேறினார்கள் என்று அவர்களையே கேளுங்கள். போன முறை மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் ஆன செலவு ரசீதுகளைக் கூட்டத்தில் வையுங்கள், பக்கத்திலேயே இந்த வேலைகளுக்கான மதிப்பீட்டையும் வையுங்கள். ஒரே தடவையில் கேட்காமல் மூன்று மாதப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்துக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். மீட்டர் போர்டு விண்ணப்பத்தை மட்டும் கூட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.