இணைநாடல், இணைவிழைவு: இரண்டையும் பிரித்து வைப்போம்

> பூச்சிகள் இணைசேரும் முன் செய்வதற்குக் 'காதல்' என்றே போட்டுவிட்டால் என்ன? படிக்க எளிதாக இருக்குமே.

வணக்கம். பூச்சிகளின் 'courtship' நடத்தைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; முந்தைய மடலில் அதற்கு 'இணைவிழைவு' என்ற சொல்லும் வந்தது.

எளிமை சரி, ஆனால் சொல் எதைக் குறிக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம். ஆண் பழ ஈ பெண்ணைக் கண்டதும் திரும்பும், பின்தொடரும், முன்காலால் தட்டிப் பார்க்கும். அப்புறம் ஒற்றை இறக்கையைப் பக்கவாட்டில் விரித்து அதிர்த்துப் பாடும். அந்தப் பாட்டில் துடிப்புக்குத் துடிப்பு சுமார் 35 மில்லிநொடி இடைவெளி. பிறகு நக்கும், மேலே ஏறப் பார்க்கும். எல்லாமே வெளியில் தெரிகிற செயல்கள். படம்பிடித்து எண்ணலாம். இந்தத் தொடருக்கு 'இணைநாடல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். நாடியும் இணைசேராமல் போகலாம் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது.

முந்தைய மடலில் வந்த 'இணைவிழைவு' அருமையான சொல். அதை உள்நிலைக்கு ஒதுக்கி வைப்போம். ஆண் ஈயின் மூளையில் பி1 என்ற நரம்பணுத் தொகுதி இருக்கிறது. அதைத் தூண்டினால் பெண் அருகில் இல்லாதபோதும் ஈ பாடத் தொடங்கும். தூண்டலை நிறுத்திய பின்னும் அந்த நாட்டம் சில நிமிடங்கள் நீடிக்கும். விழைவு என்பது இதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் 'விழைவு விழைவைத் தூண்டுகிறது' என்றல்லவா எழுத நேரும்?

ஆண் ஈயை மட்டும் சுட்டும் சொல்லும் உதவாது. ஈயின் இணைநாடலை ஆளும் ஃப்ரூட்லெஸ் என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. ஆணில் ஒரு விதமாகவும் பெண்ணில் வேறு விதமாகவும் வெட்டி ஒட்டப்படுகிறது. 2005-இல் டெமிர், டிக்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெண் ஈயிலும் ஆணைப் போலவே வெட்டி ஒட்டும் முறையை அமைத்தார்கள். அந்த ஈக்கள் மற்ற பெண் ஈக்களை நாடின. 2008-இல் வெளிவந்த ஆய்வில், இப்படி மாற்றப்படாத பெண் ஈயில் ஃப்ரூட்லெஸ் மரபணு செயல்படும் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியதும் அதுவும் இறக்கையை விரித்துப் பாடியது. பாடுவதற்கான நரம்புச் சுற்று பெண்ணிடமும் இருக்கிறது!

மரபணுப் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். அது ஆட்பெயர் மாதிரி. ஃப்ரூட்லெஸ், டபுள்செக்ஸ் (பால் வேறுபாட்டை அமைக்கும் இன்னொரு மரபணு) என்று ஒலிப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. அந்தப் பாட்டை 'நாடற்பாட்டு' என்பதா, 'நாடல் பாட்டு' என்பதா? சந்தி விதிப்படி முன்னது சரி. ஆனால் முதல்முறை படிக்கும் மாணவருக்குப் பின்னதுதான் சட்டென்று புரியும். என் வாக்கு அதற்கே.