பல் மருத்துவ உரிமத்துக்கு ஒரே தேர்வு: கையைச் சோதிக்குமா, மனப்பாடத்தைச் சோதிக்குமா?

கடைவாய்ப்பல்:
2023ல் நிறைவேறிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 1948ஆம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. அதில் பெரிய விஷயம் நெக்ஸ்ட் டென்டல். பல் மருத்துவ இளநிலைப் படிப்பான பி.டி.எஸ். முடிக்கிற எல்லோருக்கும் நாடு முழுக்க ஒரே தேர்வு, தேறினால்தான் தொழில் செய்யப் பதிவு, முதுநிலைப் படிப்பான எம்.டி.எஸ். இடமும் அதை வைத்துத்தான். நான் ஆதரிக்கிறேன். நாட்டில் 300க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றில் காலை எட்டு மணிக்கே வெளிநோயாளிப் பிரிவில் வரிசை நிற்கும், இன்னொன்றில் நாற்காலிகள் தூசி படிந்து கிடக்கும். இரண்டிலும் கிடைப்பது ஒரே பட்டம். இரண்டையும் அளக்க ஒரே முழக்கோல் வேண்டும் என்று சொன்னால் அதில் என்ன தப்பு?

சி.ஆர்.ஆர்.ஐ. புலம்பல்கள்:
அண்ணா, முழக்கோல் சரி, எதை அளக்கப் போகிறீர்கள்? எம்.டி.எஸ். சேர்க்கைக்கு இப்போதுள்ள நீட் எம்.டி.எஸ். தேர்வு மூன்று மணி நேரத்தில் 240 கேள்வி, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு. இதே மாதிரி ஒன்றை வைத்து உரிமம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இப்போதே என் கண் முன்னால் நடக்கிறது. நான் சி.ஆர்.ஆர்.ஐ., அதாவது படிப்பு முடித்துக் கட்டாய இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறவள். என் பேட்ச்சில் பாதிப் பேர் போஸ்டிங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறார்கள். இன்டர்ன்ஷிப் என்பது பல் பிடுங்கிப் பழகுகிற வருடம், அதைக் கோச்சிங் வருடமாக மாற்றிவிட்டார்கள். நான் இதுவரை தனியாகச் செய்த ஆர்.சி.டி. (வேர் சிகிச்சை) எத்தனை என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மருத்துவத்துக்கு இதே மாதிரி நெக்ஸ்ட் வருகிறது என்றபோது 2023ல் நம் மாநில அரசே எதிர்த்தது, பிரதமருக்கு முதல்வர் கடிதம் எழுதினார். அதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய எக்ஸ்டர்னல்:
இருபது வருடத்துக்கு மேல் மற்ற கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, பரீட்சை எடுக்கப் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மாணவி நோயாளியின் பக்கத்தில் போய் உட்காருகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். மிரரை எப்படிப் பிடிக்கிறாள், கை நழுவாமல் இருக்க விரலை எங்கே ஊன்றுகிறாள், ஊசி போடுமுன் சர்க்கரை, பிரஷர் பற்றிக் கேட்டாளா, பல்லைத் தட்டிப் பார்க்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்தாளா? இதெல்லாம் கணினித் திரையில் தெரியாது. பல்கலைக்கழகத் தேர்வில் குறை உண்டு, மறுக்கவில்லை. அதற்காக வைவா என்னும் வாய்மொழித் தேர்வையும், நிஜ நோயாளியை வைத்து நடத்தும் தேர்வையும் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் டெல்லியில் தயாராகும் வினாத்தாளிடம் ஒப்படைப்பது, தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வேலை.

கடைவாய்ப்பல்:
சார், மரியாதையோடு சொல்கிறேன், அந்த நோயாளித் தேர்வால்தான் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். 2011, இறுதியாண்டு ப்ராஸ்தோ, அதாவது பல்செட் கட்டும் பாடம். ஒரு பல்கூட இல்லாத ஒரு தாத்தாவைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் கண்டுபிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் காசும் ஒரு நாள் கூலியும் தருவதாகச் சொல்லி, வாய்க்கு அச்சு எடுக்கிற இம்ப்ரெஷன் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தார். பரீட்சை அன்று இரண்டு தாடையும் பொருந்தும் நிலையை அளந்து (ஜா ரிலேஷன்) செயற்கைப் பற்களை அடுக்க வேண்டும். மனிதர் வரவில்லை. அவர் சொந்தத்தில் ஒரு சாவு, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசி நேரத்தில் கிடைத்த இன்னொருவருக்குக் கீழ்த்தாடை எலும்பு தரையோடு தரையாகத் தேய்ந்து போயிருந்தது, எதை வைத்தாலும் வழுக்குகிறது. பக்கத்து நாற்காலித் தோழனுக்குக் கிடைத்த நோயாளிக்கு அருமையான ரிட்ஜ், பல்செட்டைத் தாங்கும் எலும்பு மேடு. அவன் பாஸ், நான் ஃபெயில். அன்று பரீட்சை எழுதியது நானா, அந்தப் பெரியவரின் தாடை எலும்பா?

சொத்தைப் பல் அடைக்கிற பாடமான கான்ஸ் கதை இதைவிட மோசம். பரீட்சையில் அடைக்க வேண்டிய கிளாஸ் டூ கேவிட்டிக்கு (கடைவாய்ப் பற்களின் பக்கவாட்டுக் குழி) ஏற்ற சொத்தை ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது, சின்னதாகவும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு பல் கிடைத்தால் ‘பரீட்சை வரைக்கும் வேறு எங்கேயும் போய் அடைத்துவிடாதீர்கள்’ என்று நோயாளியிடம் கெஞ்சிய சீனியர்களை எனக்குத் தெரியும். சொத்தையை வளரவிட்டு அதில் நம் திறமையைக் காட்டுவதற்குப் பெயர் மருத்துவக் கல்வியா?

ஓ.ஆர்.இ. பயணி:
கடைவாய்ப்பல் சொல்வது இந்தியாவில் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் உரிமத் தேர்வுக்கு நோயாளியை மாணவரே அழைத்து வரும் வழக்கம் பல காலம் இருந்தது. அங்கேயும் காசு கொடுத்து, ஊர் விட்டு ஊர் கூட்டிப் போய் என்று ஏகப்பட்ட புகார். அங்குள்ள பல் மருத்துவர் சங்கமே அதை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது. 2020ல் கொரோனா வந்து வாயைத் திறக்கவே பயம் என்றான பிறகுதான் பல மாநிலங்கள் பொம்மை வாய்க்கு மாறின.

நான் எழுதியது லண்டனில் நடக்கும் ஓ.ஆர்.இ., வெளிநாட்டில் படித்த பல் மருத்துவர்கள் பிரிட்டனில் பதிவு பெறுவதற்கான தேர்வு. முதல் பாகம் எழுத்துத் தேர்வு. இரண்டாம் பாகத்தில் நான்கு பிரிவு: பொம்மையில் மூன்று மணி நேரம் செய்முறை, நடிகர்களை நோயாளிகளாக வைத்து ஒவ்வொரு மேசையாகப் போகிற ஓஸ்கி, நோயறிந்து சிகிச்சைத் திட்டம் போடுவது, அப்புறம் அவசர சிகிச்சை. ஒன்றில் அதிகம் வாங்கி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. செலவும் காத்திருப்பும் உயிரை எடுத்தன என்பது வேறு கதை. ஆனால் எனக்குக் கிடைத்த அதே பல்தான் பக்கத்தில் இருந்தவருக்கும்.

பழைய எக்ஸ்டர்னல்:
பொம்மைக்கு நாக்கு இல்லை தம்பி. எச்சில் இல்லை, குமட்டல் இல்லை, பல்லைக் குடைகிற ஹேண்ட்பீஸ் சத்தம் கேட்டதும் கையைப் பிடித்து இழுக்கிற குழந்தையும் இல்லை. டைபோடான்ட் என்கிற பொம்மைத் தாடையில் அசத்தியவன் நிஜ வாயில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஓ.ஆர்.இ. பயணி:
ஒப்புக்கொள்கிறேன் சார். அந்த நிஜ வாயை ஒரே நாளில், பயந்து நடுங்குகிற மாணவரை வைத்து, ஒரே நோயாளியில் பார்த்தால் மட்டும் சரியாகிவிடுமா?

நடுவில் ஒருவன்:
நான் கல்லூரியில் மருத்துவக் கல்விப் பிரிவில் வேலை பார்க்கிறேன், பல் ஆள் இல்லை. இங்கே இரண்டு பேரும் தேர்வின் வடிவத்தைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஒரே தேர்வு உரிமமும் தர வேண்டும், எம்.டி.எஸ்.ஸுக்கு வரிசையும் போட வேண்டும் என்கிறது சட்டம். இரண்டும் எதிரெதிர் வேலை. உரிமத் தேர்வு கேட்க வேண்டியது, ‘இவரிடம் ஊசியைக் கொடுத்தால் ஆபத்து இல்லையா?’ என்ற ஒரு கேள்வியைத்தான். நன்றாகப் படித்த எல்லோருமே சரியாகப் பதில் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லப்போனால் அப்படித்தான் இருக்க வேண்டும். வரிசைத் தேர்வுக்கோ எல்லோரும் சரியாகச் சொன்ன கேள்வி வீண். அதனால் கேள்வி தயாரிப்பவர் தானாகவே மூலையில் கிடக்கிற நுணுக்கத்தைத் தேடிப் போவார், எந்த சிண்ட்ரோமில் எத்தனை பல் முளைக்காது என்று. முதல் வருடம் ஒழுங்காக இருக்கும், ஐந்தாவது வருடம் உரிமத் தேர்வே வினாடி வினா ஆகிவிடும்.

தேர்ச்சிக் கோடும் அப்படித்தான். நீட் எம்.டி.எஸ்.ஸில் பொதுப் பிரிவுக்கு 50ஆவது பெர்சென்டைல் என்றால், எழுதியவர்களில் கீழ்ப்பாதியைவிட மேலே இருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம், பாதி மதிப்பெண் வாங்கினார் என்று இல்லை. இடம் காலியாக இருக்கிறது என்று அந்தக் கோட்டைச் சில வருடங்களில் இறக்கியும் இருக்கிறார்கள். சேர்க்கைக்கு அது சரி. உரிமக் கோட்டை அப்படி ஏற்றி இறக்க முடியாது, இந்த வருடம் ஆள் குறைவு என்று சொல்லித் தெரியாதவர் கையில் பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் கொடுக்க முடியுமா? அங்காஃப் என்று ஒரு முறை இருக்கிறது. அனுபவசாலிகள் பத்துப் பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் ‘தட்டுத் தடுமாறித் தேறுகிற ஒரு மாணவர் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல எவ்வளவு வாய்ப்பு?’ என்று மதிப்பிட்டு, அதைக் கூட்டித்தான் கோடு போடுவார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு காரணம் இருக்கும்.

சும்மா வந்தவள்:
நான் வெறும் நோயாளி, தப்பாகப் பேசினால் மன்னிக்கவும். என் அம்மாவுக்கு ஆர்.சி.டி. செய்தபோது வேரைச் சுத்தம் செய்யும் ஊசி மாதிரியான ஃபைல் உள்ளேயே உடைந்து தங்கிவிட்டது. செய்த டாக்டர் சொல்லவே இல்லை. ஒரு வருடம் கழித்து வீங்கி, வேறு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. உடைவது யாருக்கும் நடக்கும் என்று இரண்டாவது டாக்டர் சொன்னார், அதை ஏற்றுக்கொள்கிறேன். சொல்லாமல் விட்டதை எந்தப் பரீட்சையில் பிடிப்பீர்கள்?

பழைய எக்ஸ்டர்னல்:
எதிலும் பிடிக்க மாட்டோம் அம்மா. அது உண்மை.

சி.ஆர்.ஆர்.ஐ. புலம்பல்கள்:
ஏன் சார் முடியாது? நாங்கள் முடிக்க வேண்டிய கேஸ்களைப் பதிகிற கோட்டா புத்தகத்தில் இப்போது எண்ணிக்கை மட்டும்தானே பார்க்கிறார்கள், இத்தனை பல் சுத்தம், இத்தனை பல் பிடுங்கல் என்று. அதில் தவறு நடந்த கேஸை எழுதினால் திட்டு, எழுதாவிட்டால் கையெழுத்து. பொய்யை நாங்கள் அங்கேதான் பழகுகிறோம். வருடம் முழுக்க வேறு வேறு ஆசிரியர்கள் நாற்காலியில் பார்த்து, தவறையும் சேர்த்து எழுதி, அதற்கு மதிப்புக் கொடுத்தால் இந்த அம்மா கேட்பது ஓரளவுக்காவது தெரியும்.

கடைவாய்ப்பல்:
அதே கையெழுத்தைத்தான் தூசி படிந்த நாற்காலிக் கல்லூரியும் போடும் தங்கச்சி. அங்கே நோயாளியே இல்லாமல் கோட்டா முடிந்துவிடும். அதனால்தான் வெளியிலிருந்து ஒரு தேர்வு வேண்டும் என்கிறேன். சரி, நடுவில் ஒருவன் சொன்னதை ஏற்கிறேன், உரிமமும் எம்.டி.எஸ்.ஸும் தனித்தனியாக இருக்கட்டும். மருத்துவத்துக்கு 2023ல் வந்த விதிகளில் இரண்டு படி போட்டிருந்தார்கள், இன்டர்ன்ஷிப்புக்கு முன்னால் எழுத்து, பின்னால் செய்முறை. நமக்கும் அப்படி வைத்து, செய்முறையில் எல்லோருக்கும் ஒரே பொம்மைப் பல் கொடுங்கள்.

சி.ஆர்.ஆர்.ஐ. புலம்பல்கள்:
ஒரே தேர்வு என்று ஆரம்பித்து மூன்றாக்கிவிட்டீர்கள் அண்ணா. நீங்கள் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டீர்கள் என்பதாவது தெரிகிறதா?

கடைவாய்ப்பல்:
வரவில்லை. உங்கள் கட்சி கல்லூரியையே நம்பச் சொல்கிறது. நான் அதை மட்டும் செய்ய மாட்டேன்.

பழைய எக்ஸ்டர்னல்:
அடுத்த வாரம் ஒரு கல்லூரிக்கு ப்ராஸ்தோ பரீட்சைக்குப் போகிறேன். நோயாளி வராவிட்டால் அந்த மாணவருக்கு வேறு வேலை கொடுத்து மதிப்பெண் போட விதியில் இடம் இருக்கிறதா என்று போகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

கடைவாய்ப்பல்:
2011ல் நீங்கள் வந்திருக்கக் கூடாதா சார்.