அரியானாவில் வாங்கிய ஜீப்பை ஒன்பது நாளில் போடிக்கு ஓட்டி வந்தது

பழைய வண்டியைத் தொலைவிலிருந்து ஓட்டி வந்தவர்கள் வழியில் நடந்ததை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1997 மகிந்திரா எம்.எம்.540. பெஜோ டீசல் எஞ்சின், 2,112 சி.சி., நாலு கியர். என் அப்பா போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவர். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இதே மாதிரி ஒரு வண்டியில்தான் தினமும் ஏறி இறங்கினார். வண்டியை விற்ற பிறகும் தெருவில் பெஜோ சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவார். அதே மாடலைத் தேடினேன். எங்கள் பக்கம் இருப்பதெல்லாம் தோட்டத்தில் உழைத்து, சேசிஸில் நாலு இடத்தில் வெல்டிங் வாங்கியவை. அரியானாவின் கடைசி மூலையில், பாதித் தெரு பஞ்சாபில் கிடக்கும் மண்டி டப்வாலி என்ற ஊர் ஜீப் பட்டறைகளுக்குப் பேர் போனது. காய்ந்த சீமை என்பதால் அங்கே தகட்டில் துரு குறைவு. மதுரையிலிருந்து சண்டிகர் ரயிலில் நானும் மச்சினனும் ஏறினோம்.

பட்டறையில் பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மேல் ஓஸ், முன்வீல் பேரிங் எல்லாம் புதிதாகப் போடச் சொன்னேன். எஞ்சின், கியர் பாக்ஸ், முன், பின் அச்சுகளின் இரண்டு கிரவுன் (பல்சக்கரப் பெட்டி) எல்லாவற்றுக்கும் ஆயில் மாற்றியாயிற்று. அப்பா போனில் ஒன்றே ஒன்று சொன்னார்: "மாத்துன பழைய சாமானைக் கையோட கேட்டு வாங்கிரு. இல்லேன்னா மாத்துனானா இல்லையான்னே தெரியாது." அப்படியே கேட்டோம். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். அந்தச் சாக்கை ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கட்டிவைத்தான் மச்சினன்.

வழி பற்றி ஒரு வார்த்தை. டெல்லியை நெருங்கவே கூடாது. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரோத்தக், ஜஜ்ஜர் எல்லாம் தலைநகர் வட்டாரக் கணக்கில் வருகிற மாவட்டங்கள். அதனால் ஹிசாரில் தெற்கே திரும்பி 52-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தோம். சூரு, சீகர், ஜெய்ப்பூர், கோட்டா, இந்தூர், துலே, சோலாப்பூர் என்று விஜயபுரா வரைக்கும் ஒரே ரோடு. வேகம் உத்தேசமாக 55. அறுபதைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்கும்.

பிப்ரவரி மாதம். காலையில் மூடுபனி, ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு. ஹீட்டரை இருபது எண்ணும் வரை பிடித்துத்தான் எஞ்சினை எழுப்பினோம். எழும்பியதும் பின்னால் நின்றவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை. மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. ஃபதேபூருக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணாடியெல்லாம் ஆவி. புதிய ஓஸ் வாய் பிளந்துவிட்டது.

சுற்றிலும் மணல், ஆங்காங்கே வன்னி மரம். ஒட்டக வண்டியில் தீவனம் ஏற்றி வந்த பெரியவர் ஒருவர் நின்றார். எனக்குத் தெரிந்த இந்தி ரயில் நிலைய இந்திதான். அவர் பேசியது அதுவும் இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, பீடி ஒன்று பற்றவைத்து, இது முடியட்டும் என்று சைகை செய்தார். பீடி முடிந்தது. தன் வண்டியிலிருந்த ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு அவரே திறந்தார். தண்ணீர் அவருடைய பிளாஸ்டிக் கேனிலிருந்து. ஓஸுக்கு எங்கே போவது என்று நான் விழிக்கும்போது மச்சினன் பட்டறைச் சாக்கை அவிழ்த்தான். "மச்சான், பழசு இருக்குல்ல." கறுத்து, விறைத்து, ஆனால் எங்கும் வெடிப்பில்லாத பழைய ஓஸ். மாட்டினோம். கேனுக்கு அந்த மனிதர் காசு வாங்கவில்லை. ஒட்டகம் மட்டும் எங்கள் படுதாவின் ஓரத்தை மென்று பார்த்தது.

ஜெய்ப்பூரை வெளிவட்டச் சாலையில் கடந்தோம், சொல்ல ஒன்றும் இல்லை. கோட்டாவுக்குத் தெற்கே தரா கணவாயில் லாரிகளுக்கு நடுவே இரண்டரை மணி நேரம். ஃபாஸ்டேக் இல்லாமல் முதல் நாள் சுங்கச்சாவடிகளில் இரட்டிப்புக் கட்டணம் அழுதோம். மறுநாள் ஒட்டிக்கொண்டோம். ஒட்டிக் கொடுத்த பையன் மீட்டர் போர்டைப் பார்த்துவிட்டு, முள் எதுவுமே அசையவில்லையே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டான். காதால்தான்.

நான்காம் நாள், இந்தூரிலிருந்து இறங்கி கல்காட்டில் நர்மதைப் பாலம். பாலம் தாண்டியதும் கீச்சென்று ஒரு சத்தம், சார்ஜ் விளக்கு எரிந்தது. புதிய ஃபேன் பெல்ட் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. இம்முறை யோசிக்கவே இல்லை. சாக்கு, பழைய பெல்ட், ஆல்டர்னேட்டரை நெம்ப ஜாக்கிக் கம்பி. அரை மணி வேலை. அந்த நேரத்தில்தான் வெள்ளை வேட்டியும் கம்பும் தோள் பையுமாக ஒருவர் வந்து நிழலில் உட்கார்ந்தார். "நர்மதே ஹர்" என்றார். நர்மதையைச் சுற்றி நடப்பவர். அந்த நடைக்கு ஆற்றைக் குறுக்கே கடக்கக் கூடாது என்பது விதியாம். எந்தக் கரையிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். பாலத்தைக் காட்டினேன். அந்தக் கரைக்குப் போக நான் கடல் வரைக்கும் நடக்க வேண்டும், நீங்கள் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டீர்களே என்று சிரித்தார். வண்டி கிளம்பும்போது ஏறிக்கொள்ளுங்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். கையைக் கூப்பினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நடப்பதற்கென்றே வந்த ஆளிடம் என்ன கேட்டேன் என்று.

செந்துவாவைத் தாண்டி பீஜாசன் இறக்கம். பிரேக் போன லாரிகளுக்குப் பெயர் பெற்ற இடம். ஏறின கியரிலேயே இறங்கு என்பது போடியில் பாலோடு ஊட்டுகிற பாடம். இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கினோம். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன, லாரிக்காரர் ஒருவர்கூட அடிக்கவில்லை.

பீட், சோலாப்பூர் பக்கம் ராத்திரியில் ஓட்டாதீர்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு, பின்விளக்கு இல்லாமல், பாட்டை மட்டும் அலறவிட்டுப் போகும். பாட்டு கேட்டால் பிரேக்கில் கால் வைக்க வேண்டும் என்று மச்சினன் ஒரு சட்டமே போட்டான்.

ஏழாம் நாள் ஹொசப்பேட்டை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் நாலு சக்கரத்து ஹப்பிலும் (நடுக் குடம்) கை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். வெதுவெதுப்பு சரி, சுட்டால் வம்பு. வலது முன் ஹப்பில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். அதுவும் புதிய பேரிங். இதற்குச் சாக்கிலும் மருந்து இல்லை, பழைய பேரிங் உருளைகளெல்லாம் பொரிந்து போயிருந்தன.

பக்கத்தில் டி.என். 28 போட்ட லாரி. நாமக்கல். ஸ்டவ்வில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "தமிழா? அரியானா நம்பர்ல?" என்றார். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். சுற்றவில்லை, உராய்ந்தது. "பேரிங் நல்ல பேரிங்தான் தம்பி. நட்டை இறுக்கித் தொலைச்சிருக்கான்." அந்த நட்டுக்குக் குழாய் ஸ்பேனர் வேண்டும். எங்களிடம் இல்லை. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டி லாக் வாஷரை நிமிர்த்தி, நட்டைக் கொஞ்சம் திருப்பி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறுபடி ஒரு இம்மி. கிரீஸ் அவருடையது. சாப்பாடும் அவருடையது: சோறு, ரசம், சுட்ட கருவாடு. ஏழு நாள் ரொட்டி தின்ற வாய்க்கு அந்த ரசம் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் நீட்டினேன், வேண்டாம் என்றார். கிளீனர் பையனிடம் கொடுத்தேன். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். சரி, வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒன்றும் கெடவில்லை. சித்ரதுர்கா, பெங்களூரு, கிருஷ்ணகிரியில் ஒரு ராத்திரி, சேலம், திண்டுக்கல், தேனி. கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்குப் பதினொன்று கொடுத்தது. வீட்டு முன் நிறுத்தும்போது அப்பா வாசலில் நின்றார். சத்தம் முனையிலேயே கேட்டிருக்கும். பானெட்டைத் தூக்கி ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு விரலால் அமுக்கி, "என்னடா இது, ஓஸ் இவ்வளவு பழசா இருக்கு. புதுசு போடாமயா இவ்வளவு தூரம் வந்த?" என்றார்.

●

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கட கதை சின்னது, தூரமும் சின்னது. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நின்ற லாண்ட் ரோவர், மூன்றாம் சீரிஸ், டீசல். பொடி, அதாவது வண்டிக் கூடு, அலுமினியம், அதால கறள் (துரு) இல்லை என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். சேசிஸ் இரும்பு என்பதைக் கீழே படுத்துப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

றம்பொடை இறக்கத்தில் நான் அந்தப் போடிப் பாடம் தெரியாத ஆள். பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்கினேன். பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கான் (வடிகால்) பக்கமாக ஒதுக்கி, ஒரு மண்திட்டில் முட்டித்தான் நிப்பாட்டினேன். மரக்கறி ஏற்றி வந்த லொறிக்காரர் இறங்கி வந்தார், சிங்களவர். பேசாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிரேக் டிரம்மில் தண்ணி ஊற்றப் போன என்னைத் தடுத்தார், வெடித்துவிடுமாம். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, முன்னால் அவர் மெதுவாகப் போக, பின்னால் நான் முதலாம் கியரில். மாத்தளையில் ஒரு பாஸ் (மெக்கானிக்) பழைய பிரேக் எண்ணெய் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றி, காற்று எடுத்துத் தந்தார். எண்ணெய்க்குள் தண்ணி சேர்ந்திருந்ததாம், சூட்டில் அது கொதித்திருக்கிறது.

அங்காலே ஏ9 நேர் ரோட்டு, 45-இல் உருட்டினேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் நிப்பாட்டுவது வழக்கம். நான் மற்ற நாளில் ஒரு தேங்காய் உடைப்பேன். அன்றைக்கு மூன்று. கச்சான் விற்கிற அம்மா, "தம்பி, வாகனத்துக்கா, உமக்கா?" என்று கேட்டா.

●

கோயம்புத்தூர். பிரமாதம் அண்ணா. பேப்பர் விஷயம் எப்படி முடித்தீர்கள்? நானும் அந்தப் பக்கம் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

●

தம்பிக்கு: முதலில் சேசிஸ் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். அந்த ஊரில் பாடியைப் புதிதாகக் கட்டித் தருவார்கள், பளபளவென்று இருக்கும். பாடியைப் பார்த்து மயங்கினால் நம்பரைப் பார்க்க மறந்துவிடும். முதலில் பார்த்த வண்டியை நான் அப்படித்தான் விட்டேன், ஒரு எழுத்து இடித்தது. மனசே இல்லை, அவ்வளவு அழகு.

15 ஆண்டு தாண்டியதால் ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும், அது ஐந்து ஆண்டுக்குத்தான். எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள். விற்பவர் பெயரில் ஃபைனான்ஸ் இருந்தால் அதைத் தீர்த்த பிறகே பணம். படிவம் 28-ல் தடையில்லாச் சான்று அங்கேயே வாங்கிவிடுங்கள், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தும் கையோடு. ஊருக்கு வந்து திரும்ப அதற்கென்று ரயில் ஏறினால் வண்டி விலையில் கால்வாசி அதிலேயே போகும். வண்டி ஓடும் நாளுக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், ஓசூரில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான். இங்கே வந்து 12 மாதத்துக்குள் நம் ஊர் நம்பர் வாங்கியாக வேண்டும். வரி தனி.

கிளிநொச்சி அண்ணனுக்கு: கொதித்த டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். அந்த லொறிக்காரர் மலையிலேயே ஓட்டின ஆளாக இருக்கும் என்றார்.

அந்த ஓஸைக் கேட்பவர்களுக்கு: அப்பா சொன்ன அன்றே புதியது வாங்கிவிட்டேன். அது சாக்கில் இருக்கிறது.