டெக்சஸ்ல 15 வயசு பொண்ணுக்கு டிரைவிங்: ஆன்லைன் கோர்ஸ் எடுத்து நாமளே சொல்லிக்குடுக்கலாமா, டிரைவிங் ஸ்கூல்ல சேர்க்கணுமா?

ஃப்ரிஸ்கோ_வித்யா
பொண்ணுக்கு 15 முடிஞ்சிருச்சு, கூடப் படிக்கிற பிள்ளைங்க பாதிப்பேர் பெர்மிட் (பழகறவங்களுக்கான லைசென்ஸ்) வாங்கிட்டாங்கன்னு தினமும் வீட்ல இதே பேச்சுதான். 24 மணி நேரம் கிளாஸ், 7 மணி நேரம் ஓட்டணும், 7 மணி நேரம் கார்ல உக்காந்து மத்தவங்க ஓட்டறதைக் கவனிக்கணும், அதுக்கு மேல 30 மணி நேரம் பிராக்டிஸ், அதுல 10 மணி நேரம் ராத்திரில. ஸ்கூல்ல சேர்ந்தாலும் பேரண்ட் டாட்ல, அதாவது அப்பா அம்மாவே சொல்லிக்குடுக்கற வழில போனாலும் கணக்கு இதேதான். பேரண்ட் டாட்னா கிளாஸ் எல்லாம் ஆன்லைன், டிடிஎல்ஆர்ங்கற ஸ்டேட் லைசென்சிங் டிபார்ட்மெண்ட் கைடுக்கு 20 டாலர், கோர்ஸ் ஃபீஸ் தனி, எப்படிப் பாத்தாலும் ஸ்கூலை விட ரொம்பக் கம்மி. வீட்டுக்காரர் ஸ்கூல்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். பண்ணினவங்க சொல்லுங்களேன்.

கரூர்_செந்தில்
உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. ஆன்லைன் கிளாஸ்னா என்னன்னு நாம எல்லாருக்கும் தெரியும், டைமர் ஒரு டேப்ல ஓடிட்டு இருக்கும் புள்ள போன்ல இருக்கும், கடைசில ரெண்டு கேள்விக்குப் பதிலைத் தட்டிட்டு அடுத்த பாடம். டெக்சஸ் டிரான்ஸ்போர்டேஷன் இன்ஸ்டிட்யூட் பண்ணின ஆய்வு 2007ல வந்துச்சு, பேரண்ட் டாட்ல படிச்ச பசங்கதான் டிக்கெட்டும் அதிகம் வாங்கறாங்க, விபத்துலயும் அதிகம் மாட்டறாங்கன்னு சொல்லுச்சு. இது உயிர் விஷயம், பணத்தை மிச்சம் புடிக்கற இடம் இது இல்ல.

மீனா_ஆஸ்டின்
செந்தில் அண்ணா, அந்த ஆய்வு வந்தப்போ நிலைமை வேற. டிரைவர் எட் (இந்த டிரைவிங் கோர்ஸ்தான்) முடிச்ச பசங்களுக்கு அப்போ ரோட் டெஸ்ட் இல்லாமலே லைசென்ஸ் குடுத்துட்டு இருந்தாங்க, 2009 செப்டம்பர்லதான் 18க்குக் கீழ எல்லாரும் ஓட்டிக் காட்டியே ஆகணும்னு சட்டம் வந்துச்சு.

இன்னொண்ணு யாரும் பேச மாட்டேங்கறாங்க. ஸ்கூல்ல இன்ஸ்ட்ரக்டர் கூட ஓட்டறது வெறும் 7 மணி நேரம். அந்த 30 மணி நேர பிராக்டிஸ் ஸ்கூல்ல சேர்த்தாலும் நம்ம தலைலதான், நம்ம கார்லதான், நாமதான் கையெழுத்துப் போடறோம். அப்போ எந்த வழில போனாலும் புள்ளைக்கு வண்டி கத்துக்குடுக்கறது அப்பா அம்மாதானே? நான் என் பையனுக்கு முழுசா நானே சொல்லிக்குடுத்தேன். முதல்ல ஞாயித்துக்கிழமை காலைல ஆளில்லாத சர்ச் பார்க்கிங், அப்புறம் நெய்பர்ஹூட், ஃபோர் வே ஸ்டாப், அப்புறம்தான் 35 ஹைவே பக்கமே போனோம். மழைல ஓட்டினான், சாயங்கால டிராஃபிக்ல ஓட்டினான். ஸ்கூல்காரங்க மழை வந்தா அப்பாயிண்ட்மெண்ட்டையே கேன்சல் பண்றாங்கன்னு பக்கத்து வீட்ல சொல்லி வருத்தப்பட்டாங்க.

கரூர்_செந்தில்
உங்கள மாதிரி எல்லாரும் பண்ணினா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லமா. எத்தனை பேர் அந்த 30 மணி நேரத்தை நெஜமா ஓட்ட வைக்கறாங்க? ஒரே உக்காருல ஒரே பேனால லாக் ஷீட் முழுக்க தேதி போட்டு நிரப்பறாங்க, பாட்லக் விருந்துல பெருமையா சொல்லிக்கறாங்க, எனக்கு அதைக் கேக்கும்போது வயிறு எரியுது. ராத்திரி 10 மணி நேரம்னு சும்மாவா வெச்சிருக்கான்? 16லேர்ந்து 19 வயசுக்குள்ள ஓட்டறவங்க ஒரு மைலுக்கு உயிர்போற விபத்துல சிக்கறது 20க்கு மேல இருக்கறவங்களை விட கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு ஐஐஎச்எஸ்ங்கற சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு சொல்றாங்க. ராத்திரில அது இன்னும் மோசம், கார்ல கூட்டாளிங்க ஏறினா அதை விட மோசம்.

அப்புறம் நம்ம ஆளுங்க ஓட்டற லட்சணம். ரெட்ல ரைட் திரும்பும்போது முழுசா நிறுத்தறவங்க எத்தனை பேர்? பிளிங்கிங் யெல்லோ ஆரோல எதிர் வண்டிக்கு வழி விடணும்னு பதினஞ்சு வருஷமா இங்க இருக்கறவங்களுக்கே தடுமாற்றம். அதைத்தானே புள்ளையும் கத்துக்கும்?

பொள்ளாச்சி_பாபு
எதுக்குங்க இவ்வளவு அடிச்சுக்கறீங்க. 18 வரைக்கும் பொறுத்தா 6 மணி நேர அடல்ட் கோர்ஸ் போதும், அதுவும் ஆன்லைன்லயே முடிஞ்சுரும், பெர்மிட்டை ஆறு மாசம் வெச்சிருக்கணும்ங்கற கட்டாயமும் இல்ல, இன்சூரன்ஸ்ல டீனேஜர் பேரைச் சேர்த்து பிரீமியம் ஏர்றதும் ரெண்டு வருஷம் தள்ளிப்போகும். நாங்க எங்க பொண்ணுக்கு அதான் பண்ணப்போறோம்.

மீனா_ஆஸ்டின்
பாபு அண்ணா, தயவுசெஞ்சு இதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. 16ல எடுத்தா ராத்திரி 12லேர்ந்து 5 வரைக்கும் வேலை, ஸ்கூல், அவசரம் தவிர ஓட்டக்கூடாது, குடும்பத்துல இல்லாத 21 வயசுக்குக் கீழ ஆள் ஒருத்தருக்கு மேல ஏத்தக்கூடாது, போனைத் தொடவே கூடாது. அந்த ரெண்டு வருஷம் நம்ம கண்ணு முன்னாடி, நம்ம வீட்ல இருந்து ஓட்டறாங்க. 18ல எடுத்தா 30 மணி நேரமும் இல்ல இந்தக் கட்டுப்பாடும் இல்ல, வாங்கின மறுவாரமே காலேஜ் ஹாஸ்டல், நாலு ஃப்ரெண்ட்ஸ், ராத்திரி ரெண்டு மணி ஹைவே. யோசிச்சுப் பாருங்க, நெஞ்சு பதறலையா?

பொள்ளாச்சி_பாபு
காலேஜ்ல முதல் வருஷம் கார் குடுக்கற எண்ணமே இல்லைங்க. இருந்தாலும் அந்த ஹாஸ்டல் விஷயத்தை நான் யோசிக்கல, வீட்ல பேசறேன்.

லாங்ஹார்ன்_தம்பி
நான் 16லயே எடுத்தவன், இப்போ யூடில (டெக்சஸ் யூனிவர்சிட்டி) ரெண்டாவது வருஷம். பசங்க சைட்லேர்ந்து ஒண்ணு சொல்லலாமா? அப்பா கூட கத்துக்கறதுல பெரிய பிரச்சனை ரூல்ஸ் தெரியுமா தெரியாதாங்கறது இல்ல, கத்தறதுதான். லேன் மாறும்போது பக்கத்துல இருந்து ஒரு சத்தம் வந்தா கை நடுங்கும், கண்ணாடி பாக்கறதுக்குப் பதிலா அப்பா மூஞ்சியைத்தான் பாப்போம். அம்மா கூட ஓட்டினப்போதான் நான் உருப்படியா கத்துக்கிட்டேன், அவங்க திரும்பறதுக்கு ரொம்ப முன்னாடியே அமைதியா சொல்லிருவாங்க. அதனால யாரு பொறுமைசாலியோ அவங்க பக்கத்துல உக்காருங்க ஆன்ட்டி, அது போதும். பேரலல் பார்க்கிங் மட்டும் தெரிஞ்சவங்க கிட்ட தனியா கத்துக்கோங்க, டெஸ்ட்ல அது கண்டிப்பா உண்டு.

கரூர்_செந்தில்
தம்பி சொல்றது நியாயம். ஆனாலும் பிரேக் இல்லாத சீட்டுல அம்மா உக்காந்திருக்கறதுக்கும் டூயல் பிரேக் வெச்ச ஸ்கூல் கார்ல இன்ஸ்ட்ரக்டர் இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். முதல் சில மணி நேரத்துக்காவது அந்த பிரேக் வேணும்.

ஃப்ரிஸ்கோ_வித்யா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிச்சிட்டு வீட்டுக்காரர் கிட்ட காட்டினேன். ஸ்கூல்லயே சேர்க்கறோம், 30 மணி நேரத்தை நான் எடுத்துக்கறேன், லாக் ஷீட்டை அன்னன்னிக்கு ஓட்டி முடிச்சதும் பொண்ணே எழுதணும்னு சொல்லிட்டேன். ஒரு சந்தேகம், நாங்க எச்1பி வேலை விசா, பொண்ணு எச்4 டிபெண்டன்ட் விசா. அவளோட லைசென்ஸ் எப்போ வரைக்கும் செல்லும்? ரோட் டெஸ்ட்டுக்கு முன்னாடி பாக்கணும்னு இம்பேக்ட் டெக்சஸ் வீடியோன்னு சொல்றாங்களே, அதை இப்பவே பாத்து வெச்சுரலாமா?

மீனா_ஆஸ்டின்
லைசென்ஸ் லிமிடெட் டேர்ம்னு போட்டு வரும்ங்க, அதிகபட்சமா பொண்ணோட ஐ-94ல (நாட்டுக்குள்ள வந்ததுக்கான ரெக்கார்டு) இருக்கற தேதி வரைக்கும்தான் இருக்கும், எக்ஸ்டென்ஷன் வந்தா புது பேப்பரோட போய் புதுப்பிக்கணும். வீடியோவை இப்போ பாக்காதீங்க, அந்த சர்டிஃபிகேட் 90 நாள்தான் செல்லும். பெர்மிட் எடுத்து ஆறு மாசம் ஆகணும், வயசும் 16 ஆகணும், ரோட் டெஸ்ட் தேதி கைல கிடைச்ச பிறகு பாக்க வைங்க. தேதியை மட்டும் சீக்கிரமே புக் பண்ணிருங்க, லைசென்ஸ் குடுக்கற டிபிஎஸ் ஆபீஸ்ல சுலபத்துல கிடைக்கறதில்ல.