மோயாமோயா பைபாஸுக்குப் பிறகு பேச்சு தடுமாறுகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் தங்கைக்கு 34 வயது, மோயாமோயா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கியதால், நெற்றிப்பொட்டுத் தோலுக்கடியில் ஓடும் தமனியை மூளைத் தமனியோடு இணைத்து இடப்பக்கம் பைபாஸ் செய்து இன்று 12ஆம் நாள். முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் மூன்றாம் நாள் திடீரென்று வார்த்தை வராமல் திணறினாள், தண்ணீர் கேட்க நினைத்துத் தட்டு என்கிறாள். ஸ்கேனில் அடைப்பு இல்லை, இத்தனை நாள் வறண்டு கிடந்த இடத்தில் ரத்தம் ஒரேயடியாகப் பாய்வதால் வருவது, பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் சரியாகும் என்கிறார் டாக்டர். சரி, ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை நாளில் சரியானது? பேச்சுப் பயிற்சி எப்போது தொடங்கினீர்கள்? அப்புறம், தையலில் ஒரு ஓரம் கறுத்திருக்கிறது (அந்தத் தோலுக்கு ரத்தம் கொடுத்த குழாயைத்தானே எடுத்தார்கள்), நாளைக்கே காட்டப்போகிறோம். யாருக்காவது இப்படி ஆனதா?